செந்தோசா கையெழுத்து ஏன் நிலைக்கவில்லை? 2018 சிங்கப்பூர் உச்சநிலைச் சந்திப்பும் வல்லரசுப் போட்டியும்

2018 ஜூன் 12ஆம் தேதி செந்தோசாவில் டோனால்ட் டிரம்ப்பும் கிம் ஜோங் உன்னும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். டிரம்ப் அவசரப்பட்டார் என்பார்கள் சிலர். கிம் ஆரம்பத்திலிருந்தே அணு ஆயுதத்தை விட்டுத்தரும் எண்ணத்தில் இல்லை என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு பதில்களுமே சந்திப்பு நடந்த கப்பெல்லா ஹோட்டலின் அறைக்குள் நடந்ததை மட்டும் பார்க்கின்றன.

வடகொரியாவை மேசைக்குக் கொண்டுவந்த நெருக்கடி அமெரிக்கா, சீனா, ரஷ்யா மூன்றும் சேர்ந்து உண்டாக்கியது. அதைத் தளர்த்தவும் இந்த மூன்றின் சம்மதம் வேண்டும். சந்திப்பு நடந்த அதே வாரத்தில் வாஷிங்டனும் பெய்ஜிங்கும் வர்த்தகப் போரைத் தொடங்கின. அதன் பிறகு எழுதிக்கொடுத்த எந்த வாக்குறுதியையும் நிறைவேற்ற ஆளில்லாமல் போயிற்று.

2017: மூவரும் ஒரே பக்கம் நின்ற ஆண்டு

அந்த ஆண்டு ஜூலையில் இரண்டு முறையும் நவம்பர் 29ஆம் தேதி ஒரு முறையும் வடகொரியா கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. செப்டம்பர் 3ஆம் தேதி ஆறாவது அணுகுண்டுச் சோதனை நடந்தது. ஐநா பாதுகாப்பு மன்றம் மூன்று பெரிய தீர்மானங்களை நிறைவேற்றியது. ஆகஸ்டில் வந்த 2371ஆம் தீர்மானம் நிலக்கரி, இரும்பு, கடலுணவு ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் 2375 துணி ஏற்றுமதியை நிறுத்தியது. டிசம்பர் 22ஆம் தேதி வந்த 2397, வடகொரியாவுக்குச் சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது, கச்சா எண்ணெய் 40 லட்சம் பீப்பாயைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. வெளிநாடுகளில் வேலை செய்யும் வடகொரியர்களை 24 மாதங்களுக்குள் திருப்பி அனுப்பவும் உத்தரவிட்டது.

மூன்றுமே 15க்கு 0 என்று நிறைவேறின. சீனாவும் ரஷ்யாவும் ஆதரவாகக் கை தூக்கின. வடகொரியாவின் வெளிவர்த்தகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவோடுதான். ஆகவே டாண்டோங் எல்லையில் சீனச் சுங்க அதிகாரிகள் லாரிகளைத் திருப்பி அனுப்பினால்தான் நியூயார்க்கில் போட்ட தீர்மானத்துக்குப் பல் முளைக்கும். 2017இன் இறுதியில் அது நடந்தது.

சிங்கப்பூரும் தன் பங்கைச் செய்தது. 2016 அக்டோபரில் வடகொரியர்களுக்கான விசா இல்லா நுழைவை நிறுத்தியது. 2017 நவம்பர் 8 முதல் வடகொரியாவுடனான எல்லா வணிகப் பொருள் வர்த்தகத்துக்கும் சுங்கத்துறை தடை விதித்தது. ஐநா கேட்டதைவிட இது கடுமையானது. சில பொருள்களை மட்டும் தடுத்தால் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டும். முழுத்தடை என்றால் சோதிக்கும் அதிகாரிக்கும் சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் வேலை எளிது.

இரண்டு நாள் இடைவெளி

2018 மே 8ஆம் தேதி அமெரிக்கா ஈரான் அணு உடன்பாட்டிலிருந்து விலகியது. மே 10ஆம் தேதி, கிம்மைச் சிங்கப்பூரில் சந்திக்கப்போவதாக டிரம்ப் அறிவித்தார். இந்த இரண்டு நாள் இடைவெளியைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பியோங்யாங் அப்படிக் கடந்திருக்க வாய்ப்பில்லை.

2015இல் முடிந்த ஈரான் உடன்பாடு இணைப்புகளோடு சேர்த்து 159 பக்கம். யுரேனியத்தை எத்தனை விழுக்காடு வரை செறிவூட்டலாம், எத்தனை கிலோ இருப்பு வைக்கலாம், எத்தனை மையவிலக்கு இயந்திரங்கள் சுழலலாம் என்று எல்லாம் எழுதப்பட்டிருந்தது. கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட மறு ஆண்டில்தான் அது முடிந்தது. வல்லரசுகள் ஓரிடத்தில் மோதிக்கொண்டே வேறோரிடத்தில் ஒத்துழைக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அத்தனை விவரமாக எழுதிய ஒன்றையே அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் தூக்கி எறியலாம் என்றால், கிம் எதை நம்பி முதலில் ஆயுதத்தைக் கீழே வைப்பார்? பின்னால், 2019இல் ஹனோயில் நடந்த இரண்டாவது சந்திப்பில் அவர் கேட்டவற்றுக்கு விதை இங்கே விழுந்தது.

செந்தோசாவில் நடந்தது

ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு ஆன செலவு 1 கோடியே 63 லட்சம் வெள்ளி. தங்ளின் வட்டாரமும் செந்தோசாவும் சிறப்பு நிகழ்வுப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. எஃப்1 பிட் கட்டடத்தில் ஏறத்தாழ 2,500 செய்தியாளர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் வாஷிங்டனுக்கும் பியோங்யாங்குக்கும் நேரில் போய் வந்தார். தடைப்பட்டியலில் உள்ளவர்களும் வரும் குழு என்பதால் ஐநா தடைக்குழுவிடம் விலக்கு பெற வேண்டியிருந்தது. ஹோட்டல் அறைக் கட்டணம்கூடச் சட்டச் சிக்கலாக மாறக்கூடிய நிலை அது.

ஒரு காட்சி தனியே பார்க்கத்தக்கது. ஜூன் 10ஆம் தேதி கிம் சாங்கியில் இறங்கியது ஏர் சைனாவின் போயிங் 747இல். பியோங்யாங்கிலிருந்து சிஏ122 என்று பெய்ஜிங்குக்குப் போவதுபோல் கிளம்பிய விமானம், நடுவானில் சிஏ61 என்று எண்ணை மாற்றிக்கொண்டு தெற்கே திரும்பியது. சீனா மேசையில் உட்காரவில்லை. ஆனால் விருந்தாளி வந்தது சீனாவின் வண்டியில். சந்திப்புக்கு முன்னால் மார்ச்சில் பெய்ஜிங்கிலும் மே மாதம் டாலியனிலும் கிம் சீ ஜின்பிங்கைச் சந்தித்திருந்தார். சந்திப்பு முடிந்து ஒரு வாரத்தில், ஜூன் 19ஆம் தேதி, மறுபடியும் பெய்ஜிங் போனார்.

கூட்டறிக்கையில் நான்கு அம்சங்கள். முதலாவது, இரு நாடுகளுக்கும் புதிய உறவு. இரண்டாவது, கொரியத் தீபகற்பத்தில் நிலையான அமைதி ஏற்பாடு. மூன்றாவது, தீபகற்பத்தை முழுமையாக அணு ஆயுதமற்றதாக்கும் திசையில் வடகொரியா பாடுபடும். நான்காவது, கொரியப் போரில் இறந்தவர்களின் எச்சங்களை மீட்பது. இதில் உருப்படியாக நடந்தது நான்காவதுதான்: ஜூலை 27ஆம் தேதி 55 பெட்டிகளில் எச்சங்கள் ஒப்படைக்கப்பட்டன.

சிக்கல் அந்த வரிசையிலேயே இருந்தது. முதலில் உறவு, பிறகு அமைதி, அதன் பிறகு ஆயுதம் என்று பியோங்யாங் படித்தது. ஆயுதம் போனால்தான் மற்றவை என்று வாஷிங்டன் படித்தது. அறிக்கையில் காலக்கெடு இல்லை, சோதிக்கப்போவது யார் என்பதும் இல்லை. அணு ஆயுதக் குறைப்பைச் சரிபார்க்க முதலில் வேண்டியது ஒரு பட்டியல்: எந்தெந்த இடங்கள், எத்தனை கிலோ புளூட்டோனியம், எத்தனை கிலோ செறிவூட்டிய யுரேனியம், எத்தனை குண்டுகள். அந்தப் பட்டியலை அணு உலையின் பழைய பதிவுகளோடும் கழிவு மாதிரிகளோடும் ஒப்பிட்டால்தான் பொய் பிடிபடும். செந்தோசா அறிக்கையில் இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

செய்தியாளர் கூட்டத்தில் தென்கொரியாவுடனான போர்ப் பயிற்சிகளை நிறுத்துவதாக டிரம்ப் அறிவித்தது சோலுக்கே எதிர்பாராத செய்தி. சோதனைகளை அங்கே நிறுத்தினால் பயிற்சிகளை இங்கே நிறுத்தலாம் என்பது 2017இலிருந்தே சீனா சொல்லிவந்த யோசனை. மேசையில் இல்லாமலேயே அன்று அதிகம் சாதித்தது பெய்ஜிங் என்பது எங்கள் கணிப்பு.

மூன்றாம் நாள் விழுந்த வரி

ஜூன் 15ஆம் தேதி, அதாவது சந்திப்பு முடிந்த மூன்றாம் நாள், 5,000 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்கள்மீது 25 விழுக்காடு வரி என்று வாஷிங்டன் அறிவித்தது. ஜூலை 6ஆம் தேதி முதல் தவணை நடைமுறைக்கு வந்தது. அதே ஜூலை 6, 7 தேதிகளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பொம்பியோ பியோங்யாங்கில் இருந்தார். அவர் கிளம்பிய கையோடு, ரவுடித்தனமான கோரிக்கைகள் என்று வடகொரியா அறிக்கை விட்டது.

வர்த்தகச் சண்டைக்கும் அணுப் பேச்சுக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுவோருக்கு ஆகஸ்ட் 24ஆம் தேதியைக் காட்ட வேண்டும். பொம்பியோவின் அடுத்த பயணத்தை டிரம்ப் அன்று ரத்து செய்தார். காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்: வர்த்தகத்தில் தாங்கள் கடுமையாக நடந்துகொள்வதால் சீனா முன்போல் உதவுவதில்லை, சீனாவுடனான வர்த்தகப் பிரச்சினை தீர்ந்த பிறகு பொம்பியோ போகலாம். அணுப் பேச்சின் நாட்காட்டி வர்த்தகப் பேச்சின் நாட்காட்டியோடு கட்டப்பட்டுவிட்டது என்பதை அமெரிக்க அதிபரே ஒப்புக்கொண்ட நாள் அது.

2019 பிப்ரவரி 27, 28 தேதிகளில் ஹனோய். வடகொரியாவின் யோங்பியோன் அணு வளாகத்தை மூடுகிறோம் என்று கிம் முன்வந்தார். 5 மெகாவாட் உலை, புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை, செறிவூட்டும் கூடம் எல்லாம் அங்கே உள்ளன. பதிலுக்கு அவர் கேட்டது மொத்தம் 11 தடைத் தீர்மானங்களில் 2016, 2017இல் வந்த ஐந்தை, அதுவும் மக்கள் வாழ்வைப் பாதிக்கும் பகுதிகளை மட்டும் நீக்குவது. அன்று இரவு வடகொரிய வெளியுறவு அமைச்சர் ரி யோங் ஹோ அப்படித்தான் விளக்கினார். எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு, சுமையில் ஏறத்தாழ முழுவதும். நிலக்கரியும் துணியும் கடலுணவும் அந்த ஐந்தில்தான் இருக்கின்றன. யோங்பியோனுக்கு வெளியேயும் செறிவூட்டும் இடங்கள் உண்டு என்று அமெரிக்கா வாதிட்டது. மதிய விருந்தும் கையெழுத்துச் சடங்கும் ரத்தாயின.

இரண்டு சாவிப் பெட்டகம்

ஐநா தடைகளின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும். பாதுகாப்பு மன்றத்தில் தீர்மானம் நிறைவேற 15இல் 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் எவரும் வீட்டோ செய்யக்கூடாது. தடையைக் கூட்டவும் இதே விதி, குறைக்கவும் இதே விதி. வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருப்பதுபோல, ஒரு சாவி வாஷிங்டனிடம், மற்றது பெய்ஜிங்கிடமும் மாஸ்கோவிடமும். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

தடைகளைத் தளர்த்த சீனாவும் ரஷ்யாவும் 2019 டிசம்பரில் வரைவுத் தீர்மானம் கொண்டுவந்தன. அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2022 மார்ச் 24ஆம் தேதி வடகொரியா மீண்டும் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை ஏவியது. தடைகளை இறுக்க அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் மே 26ஆம் தேதி 13க்கு 2 என்று ஆதரவு பெற்றும், சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ செய்ததால் விழுந்தது. 2006இல் தடைகள் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இடையில் யுக்ரேன் போர் வந்திருந்தது. மாஸ்கோவுக்கு இனி வடகொரியா பீரங்கிக் குண்டு தரும் நாடு.

ஈரானுக்கு வேறு ஏற்பாடு. அந்த உடன்பாட்டில், மீறல் நடந்தால் வீட்டோவுக்கு இடம் தராமல் பழைய தடைகள் தானாகத் திரும்பும் விதி எழுதப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்ட் இறுதியில் ஐரோப்பிய நாடுகள் மூன்று அதைப் பயன்படுத்தின. செப்டம்பரில் தடைகள் சட்டப்படி திரும்பின, ஆனால் ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்க மறுத்தன. எவ்வளவு கெட்டியான விதி எழுதினாலும், பெரிய வாங்குபவரும் பெரிய விற்பவரும் வெளியே நின்றால் அது காகிதத்தில் மட்டும் ஓடும்.

கடலில் என்ன நடக்கிறது

இந்த ஆய்வில் சிங்கப்பூர் வாசகர்களுக்கு நேரடியாகப் பட வேண்டிய பகுதி இது. கப்பல் முகவர் அலுவலகங்களிலும் எரிபொருள் நிரப்பும் நிறுவனங்களிலும் வங்கிகளின் வர்த்தகக் கடன் பிரிவுகளிலும் நம்மவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். 5 லட்சம் பீப்பாய் வரம்பு மீறப்படுவது பெரும்பாலும் நடுக்கடலில்தான்.

முறை இதுதான். ஒரு டேங்கர் முறையான ஆவணங்களோடு எண்ணெய் ஏற்றிக்கொண்டு கிழக்குச் சீனக் கடலுக்குப் போகும். அங்கே தன் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை அணைத்துவிடும், அல்லது வேறொரு கப்பலின் அடையாளத்தை ஒலிபரப்பும். வடகொரியக் கப்பல் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, குழாய் போட்டு எண்ணெயை மாற்றுவார்கள். பெரும்பாலும் இரவில். இடையில் இன்னொரு கப்பல், சில சமயம் இரண்டு, இருக்கும். முதல் கப்பலின் முதலாளிக்கு எண்ணெய் கடைசியில் எங்கே போயிற்று என்பதே தெரியாது என்று சொல்ல இது வழிவிடுகிறது.

இதைப் பிடிக்க அலுவலகத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியவை சில. கப்பலின் பெயரையும் கொடியையும் மாற்றிவிடலாம். அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் முறைப்படி கப்பலுக்குத் தரப்படும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைச் சட்டப்படி மாற்ற முடியாது, எனவே தேடலை அந்த எண்ணில் தொடங்க வேண்டும். ஓராண்டுக்குள் இரண்டு மூன்று முறை கொடி மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஏஐஎஸ் பதிவில் நாள்கணக்கில் இடைவெளி இருந்து, அந்த இடைவெளிக்குப் பிறகு கப்பலின் மிதவை ஆழம் குறைந்திருந்தால், சரக்கு எங்கோ இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு கப்பல் மட்டும் வைத்திருக்கும், சமீபத்தில் பதிவான நிறுவனம் என்றால் பின்னால் உள்ள உண்மையான உரிமையாளரைக் கேட்க வேண்டும். வங்கியின் கடனுறுதிக் கடிதத்தில் குறித்த துறைமுகமும் கப்பல் போன திசையும் பொருந்துகிறதா என்பது கடைசிச் சோதனை.

இந்த வேலைக்குப் பெரிய துணையாக இருந்தது 2009இல் அமைக்கப்பட்ட ஐநா நிபுணர் குழு. எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழு ஆண்டுக்கு இரு அறிக்கைகள் வெளியிடும்: செயற்கைக்கோள் படம், கப்பல் எண், நிறுவனப் பெயர், வங்கி வழி எல்லாம் இருக்கும். 2024 மார்ச் 28ஆம் தேதி அதன் பணிக்கால நீட்டிப்பை ரஷ்யா வீட்டோ செய்தது, சீனா வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 30ஆம் தேதியோடு குழு முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா உட்பட 11 நாடுகள் மாற்றுக் கண்காணிப்புக் குழு ஒன்றை அறிவித்தன. பயனுள்ளதுதான். ஆனால் அது ஒரு தரப்பின் அறிக்கை, ஐநா ஆவணம் இல்லை. சிங்கப்பூர் தன் சட்டப்படி நடைமுறைப்படுத்துவது ஐநா பட்டியலை. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்க 15 உறுப்பினரும் ஒப்ப வேண்டும், 2018க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவை மிகச் சொற்பம். பட்டியலை மட்டும் நம்பி அனுமதி கொடுப்பவர் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டுகிறார்.

கண்காணிக்கும் கப்பல்களும் வல்லரசுப் போட்டியில் மாட்டிக்கொண்டன. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா போர்க்கப்பல் ஐநா தடைக் கண்காணிப்புக்கு உதவிய பயணத்தில் இருந்தபோது அதன் சுழலியில் மீன்வலை சிக்கியது. முக்குளிப்பாளர்கள் நீருக்குள் இருக்கையில் சீனப் போர்க்கப்பல் ஒன்று நெருங்கிச் சோனாரை இயக்கியதில் அவர்களுக்குச் சிறு காயம் ஏற்பட்டது என்றது கேன்பரா. பெய்ஜிங் மறுத்தது. 2024 மே மாதம் மஞ்சள் கடலில் அதே பணியில் இருந்த ஆஸ்திரேலிய ஹெலிகாப்டரின் பாதையில் சீனப் போர்விமானம் தீச்சுடர்களை வீசியது. 2017இல் சீனாவும் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானங்களைத்தான் அந்த ஹெலிகாப்டர் கண்காணித்துக்கொண்டிருந்தது.

நம் வட்டாரத்துக்கு வந்த விளைவு

2024 ஜூன் 19ஆம் தேதி ரஷ்யாவும் வடகொரியாவும் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் ராணுவ உதவி செய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வடகொரியப் படையினர் ரஷ்யாவின் குர்ஸ்க் வட்டாரத்தில் போரிட்டதைப் பியோங்யாங் 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. வடகொரியாவிடம் 50 அணுகுண்டுகள் இருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிலையத்தின் 2024 மதிப்பீடு. செந்தோசாவில் கிம்மிடம் இல்லாத ஒன்று இன்று அவரிடம் இருக்கிறது: தடையைப் பொருட்படுத்தாமல் எண்ணெயும் பணமும் தரும் நிரந்தர உறுப்பினர். அதனால் தடைத் தளர்வு என்ற பழைய பண்டத்துக்கு இனி அதே விலை கிடைக்காது.

மறுபக்கம், சீனாவும் அமெரிக்காவும் தங்கள் சொந்த அணு ஆயுதங்களைப் பற்றி 2023 நவம்பரில் தொடங்கிய பேச்சை, தைவானுக்கு ஆயுதம் விற்றதைக் காரணம் காட்டி 2024 ஜூலையில் சீனா நிறுத்தியது.

தென்கிழக்காசியாவின் சொந்தக் கதையும் இதே பாட்டைத்தான் படுகிறது. 1995இல் பேங்காக்கில் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதமற்ற வட்டார உடன்படிக்கைக்கு ஐந்து அணு வல்லரசுகளுக்கான இணைப்பு ஒன்று உண்டு. 2012இல் நோம்பென்னில் கையெழுத்தாக வேண்டியது, பிரான்ஸ், பிரிட்டன், ரஷ்யா, அமெரிக்கா வைத்த நிபந்தனைகளால் நின்றது. சீனா தயார் என்று சொல்லிவருகிறது. உடன்படிக்கை நாடுகளின் பொருளாதாரக் கடற்பகுதியையும் உள்ளடக்குவதால், தென்சீனக் கடலில் நீர்மூழ்கிகள் போய்வருவது பற்றிய கேள்வி உடனே எழுகிறது. சாங்கி கடற்படைத் தளத்தில் அமெரிக்கக் கப்பல்களுக்கு இடம் தரும் ஏற்பாட்டை 2019இல் மேலும் 15 ஆண்டுகளுக்குப் புதுப்பித்த சிங்கப்பூருக்கு இதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசும் வசதி இல்லை.

அடுத்த மேசைக்கு வேண்டியவை

இன்னொரு சந்திப்பு நடந்தால், இங்கே என்றாலும் வேறெங்கே என்றாலும், 2018இல் விட்ட மூன்றை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலில் அளவு. முழு ஒழிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதல் நாளே முறியும். புதிதாகப் புளூட்டோனியமும் யுரேனியமும் உற்பத்தியாவதை நிறுத்துவதும், அதை யோங்பியோனிலும் வெளியேயும் பார்வையிட அனுமதிப்பதும் ஒரு தவணைக்குப் போதும். அடுத்து, பதிலுக்குத் தருவது பண்டவாரியாக இருக்க வேண்டும்: இத்தனை டன் நிலக்கரி, இத்தனை மாதம், மீறினால் அந்தப் பண்டம் மட்டும் நிற்கும். தடைச் சுமையை ஏறத்தாழ முழுவதும் ஒரே வீச்சில் நீக்கச் சொன்னதுதான் ஹனோயைக் கவிழ்த்தது. அமெரிக்காவின் சொந்தச் சட்டங்களும் இதில் சேர வேண்டும். 2017 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, வடகொரியாவோடு வர்த்தகம் செய்யும் வெளிநாட்டு வங்கிகளைத் தண்டிக்க வழி செய்கிறது. அது இருக்கும்வரை ஐநா தளர்த்தினாலும் சிங்கப்பூரின் வங்கி வட்டாரமான ராஃபிள்ஸ் பிளேஸில் எந்த வங்கியும் ஒரு காசோலையைத் தொடாது.

மூன்றாவது, சீனாவும் ரஷ்யாவும் உட்கார ஒரு பக்க அறை. தலைவர்கள் வர வேண்டியதில்லை. 2018 ஜூன் 11ஆம் தேதி அமெரிக்கத் தரப்பின் சுங் கிம்மும் வடகொரியத் தரப்பின் சோ சன் ஹுய்யும் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் கடைசி நேர வாசகங்களோடு மல்லுக்கட்டியபோது, அந்த வாசகங்களை எல்லையில் நடைமுறைப்படுத்த வேண்டிய சீனச் சுங்கத்தின் ஆளோ, பாதுகாப்பு மன்றத்தில் கை தூக்க வேண்டிய தூதரோ பக்கத்தில் இல்லை. இரு தரப்போடும் பேசும் உறவு உள்ள சிங்கப்பூர், மேசை கொடுக்க ஒப்புக்கொள்ளும்போதே அந்த அறையையும் நிபந்தனையாகக் கேட்கலாம்.